முந்நூறு ரூபாயும் தொண்ணூறு நாள் பில்லும்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகிக்கு வயது 36. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலை. மாதம் 38,000 ரூபாய் சம்பளம், வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். உலகத்தில் சுமார் 80 கோடிப் பேர் நாளுக்கு மூன்று டாலருக்கும் குறைவான பணத்தில் வாழ்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். மனசு கேட்கவில்லை. ஏப்ரல் முதல் ஆபீஸில் 17 பேரைச் சேர்த்துக்கொண்டு, தன்னையும் சேர்த்து ஆளுக்கு மாதம் 300 ரூபாய் வசூலிக்கிறார். எல்லாம் அவருடைய ஜிபே எண்ணுக்கே வருகிறது. ஏழு மாதத்தில் 37,800 ரூபாய் சேர்ந்தது. அதில் 12,000 ரூபாய்க்கு ஒரு முதியோர் இல்லத்துக்கு அரிசியும் போர்வையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கே அலமாரி நிறையப் பிரிக்காத போர்வைகள் ஏற்கெனவே இருந்தன. திரும்பி வரும் வழியில் வேனில் யாரும் பேசவில்லையாம்.

இப்போது அவர் கேட்பது: நாங்களே ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா? மீதிப் பணத்தை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பலாமா, இல்லை ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கா? கொடுத்தது முழுவதும் வரியில் திரும்பக் கிடைக்கும் என்று மேனேஜர் சொல்கிறார், உண்மையா? சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனும் பணம் போடுகிறேன் என்கிறார், வாங்கலாமா? "முதல்ல நம்ம வீட்டைப் பாரு" என்று கணவர் சொல்வது சரியா? கடைசியாக ஒரு வரி: "பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஏதாவது தொண்டு நிறுவனத்தில் சேர்ந்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது சார்."

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. நேரில் போய் உதவ ஏன் நேரமில்லை என்று சொல்லும்போது எழுதியது: "எங்கள் கம்பெனியில், வெளியே யூனிட்களுக்குக் கொடுத்துத் தைத்து வாங்கும் ஜாப் ஒர்க் பில் எல்லாம் 90 நாள் ஆகித்தான் பாஸ் ஆகும், அது கம்பெனி வழக்கம். மாதக் கடைசியில் யூனிட்காரர்கள் போன்மேல் போன் போட்டுக் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவே பொழுது போய்விடும்." இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

சகோதரி, சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். வேலையை விட வேண்டாம். வீட்டுக் கடன் இருப்பது ஒரு காரணம். உங்களுக்கு அந்த நாற்காலியில்தான் வேலை இருக்கிறது என்பது இன்னொரு காரணம். கணவர் சொல்வதில் பாதி சரி. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், மூன்று நான்கு மாதச் செலவுக்குக் கைப்பணமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அது. ஆனால் 38,000-இல் 300 ரூபாய் கொடுப்பதால் எந்த வீடும் முழுகிவிடாது. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மூன்று டாலர் என்றால் 250 ரூபாய் இல்லை

உங்கள் கணக்கு இப்படிப் போகிறது: மூன்று டாலர் சுமார் 250 ரூபாய், எங்கள் ஆபீஸில் பெருக்கும் அக்காவுக்கே அதைவிட அதிகக் கூலி, அப்படியானால் உண்மையான ஏழைகள் இங்கே இல்லை, வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். இதில் இரண்டு இடத்தில் கணக்கு தப்பு.

உலக வங்கி 2025 ஜூனில் வறுமைக் கோட்டை நாளுக்கு 2.15 டாலரிலிருந்து மூன்று டாலருக்கு உயர்த்தியது. அது பேங்க்கில் மாற்றும் டாலர் அல்ல. அமெரிக்காவில் அந்த மூன்று டாலர் எவ்வளவு சாமான் வாங்குமோ, அவ்வளவு சாமானை இங்கே வாங்க எத்தனை ரூபாய் ஆகும் என்று பார்க்கும் கணக்கு. இங்கே விலைவாசி குறைவு என்பதால் அந்தத் தொகை 250 ரூபாய்க்கு வெகு கீழே இருக்கும். அடுத்தது, அது தலைக்கு இவ்வளவு என்கிற கணக்கு. சம்பாதிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர்கள் ஐந்து பேர் என்றால் கூலியை ஐந்தால் வகுக்க வேண்டும். வேலையில்லாத நாட்களையும் சேர்த்து வகுக்க வேண்டும்.

இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களில் பெரும்பகுதி சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள், அது உண்மை. அதற்காக நம் பக்கம் முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூலையில் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நெமிலிப் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. இப்படிக் கட்டிப்போட லட்சக்கணக்கில் கடன் தேவையில்லை, சின்ன முன்பணமே போதும். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடன் செல்லவே செல்லாது. நெமிலி உங்கள் ஆபீஸிலிருந்து எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜிபே வசூலை நிறுத்துங்கள்

17 பேர் ஆளுக்கு 300 என்றால் மாதம் 5,100 ரூபாய் மற்றவர்கள் பணம் உங்கள் கணக்குக்கு வருகிறது. பத்தாவது மாதத்தில் அது 51,000 ஆகும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் சும்மா வரும் பணம் 50,000-ஐத் தாண்டினால், தாண்டிய ஆயிரம் மட்டும் அல்ல, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கருதப்படலாம். "இது என் பணம் இல்லை, பொதுப் பணம்" என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. உங்கள் சம்பளத்துக்கு அப்போதும் வரி வந்துவிடாது. எனக்கு அதைவிட வேறு கவலை. வசூலித்தவர் ஒருவர், செலவழித்தவரும் அவரே, ரசீது கிடையாது. நாளைக்கு ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது "அந்தப் போர்வை என்ன விலை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். இந்த மாதிரி நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர், கணக்கும் வரியும் பார்க்கும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இனிமேல் பணம் உங்கள் வழியாக வர வேண்டாம். எந்த நிறுவனத்துக்கு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பணத்தை அவரவர் நேரடியாக அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அவரவர் பெயரில் ரசீது வாங்கட்டும். சம்பளத்திலேயே பிடித்து அனுப்ப கம்பெனி சம்மதித்தால் இன்னும் நல்லது. எழுத்தில் ஒப்புதல் கொடுத்தவர்களிடம் மட்டும்தான் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன்களை "எல்லாரும் தராங்க, நீ தரலையா?" என்று கேட்க வேண்டாம்.

சிங்கப்பூர் அத்தை மகன் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான பதிவு உள்ள நிறுவனத்துக்கு அவரே நேராக அனுப்பட்டும். நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம்.

டிரஸ்ட் விஷயம். ஆரம்பியுங்கள் என்று சொன்னால் எனக்கு ஃபீஸ் வரும், இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம், பான், தனி வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் டிரஸ்டுக்கு வரி விலக்கு தரும் 12ஏபி, நன்கொடை தருபவருக்குச் சலுகை தரும் 80ஜி பதிவுகள், அவற்றைப் புதுப்பிப்பது, வருடா வருடம் கணக்கு. உங்கள் ஒரு வருட வசூல் 64,800 ரூபாய். அதில் நல்ல பங்கு எங்களைப் போன்றவர்களுக்கே போய்விடும். ஏழைக்கு மிஞ்சுவது டிரஸ்டின் பெயர்ப் பலகை.

மேனேஜர் சொன்ன வரிக் கணக்கும் தப்பு. 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். நீங்கள் புதிய முறையில் இருந்தால் அது கிடையாது. அதில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை என்பதால் உங்களுக்குத் திரும்பி வர ஒன்றும் இல்லை. பழைய முறையில் 20 சதவீதத் தட்டில் இருக்கும் ஒருவர், 50 சதவீதக் கழிவு உள்ள நிறுவனத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தால், 5,000 ரூபாய் வருமானத்திலிருந்து கழியும். செஸ்ஸோடு சேர்த்து மிச்சம் 1,040 ரூபாய். முழுப் பணம் திரும்புவது எங்கே? ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. அரிசி, போர்வைக்கு எப்போதுமே இல்லை.

உங்கள் மேஜைமேல் இருக்கும் பணம்

இப்போது அந்த 90 நாள் பில்லுக்கு வருகிறேன்.

உங்கள் கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் யூனிட்கள் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ இருக்கும். இருபது முப்பது பெண்கள் மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். கை வேலை வீடுகளுக்குப் போகும், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. யூனிட்காரர் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். உங்கள் கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை. என்ன செய்வார்? மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்குவார். இரண்டு லட்சம் ரூபாய் பில் 45 நாள் கூடுதலாக நின்றால் வட்டி மட்டும் 9,000 ரூபாய். அதை அவர் தன் பையிலிருந்து கொடுக்க மாட்டார். ஜோடிக் கூலியில் ஐம்பது பைசா குறைப்பார், அல்லது கூலியை இரண்டு வாரம் தள்ளுவார். கூலி தள்ளிப்போன வீட்டில் அந்தப் பெண் வாரக் கந்துக்காரரிடம் போவாள்.

ஒரே ஒரு பில்லின் தாமதம் 9,000 ரூபாய். உங்கள் 18 பேரின் ஒரு மாத வசூல் 5,400 ரூபாய். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

இதைக் குற்றம் சாட்டும் தொனியில் எழுதவில்லை. 90 நாள் என்று முடிவு செய்தது நீங்கள் இல்லை. "கம்பெனி வழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் திருத்துகிறேன். சிறு, குறு தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இல் வந்தது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. சட்டம் எழுதி வைத்தால் போதுமா, எந்த யூனிட்காரர் ஆர்டர் கொடுக்கும் கம்பெனிமேல் புகார் கொடுப்பார்? அதனால்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஒரு உட்பிரிவைச் சேர்த்தார்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து அமல். கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31-இல் நின்றால், அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது. கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்கலாம். அதாவது லாபம் கூடுதலாகத் தெரியும், வரி கூடும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. விஷயம் அதேதான்.

ஆபீஸில் இதை ஏழைகள் பேரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். எம்.டி. அறையில் இரக்கம் ஐந்து நிமிஷம் உட்காரும், டாக்ஸ் சாயங்காலம் வரை உட்காரும். கெடு தாண்டிய பில்கள் எத்தனை நாளாக நிற்கின்றன என்று காட்டும் ஏஜிங் லிஸ்ட் ஒன்று எடுங்கள். எவை குறு, சிறு நிறுவனங்கள் என்று தனி நிறத்தில் குறியுங்கள். "மார்ச்சுக்குள் கொடுக்காவிட்டால் இவ்வளவு தொகை செலவாக ஏறாது" என்று கீழே ஒரு வரி. உங்கள் மேனேஜரிடம் கொடுங்கள், அவரைத் தாண்டிப் போக வேண்டாம். கம்பெனி ஆடிட்டர் வரும்போது இதே கேள்வியை அவரும் கேட்பார், கேட்க வேண்டியது அவர் கடமை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 45 நாள் தாண்டிய பாக்கியைப் பற்றி அரையாண்டுக்கு ஒருமுறை கம்பெனிப் பதிவாளருக்குப் படிவம் போட வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த லிஸ்டை வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், யூனிட்காரர்களுக்கும்கூட. கம்பெனி ஆவணத்தை வெளியே கொடுத்தார் என்று உங்கள்மேல் திருப்பிவிட்டால் நான் வந்து நிற்க முடியாது.

யூனிட்காரருக்குச் சட்டம் உதவ வேண்டுமென்றால் அவரிடம் சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்க வேண்டும். நிறையப் பேரிடம் இருக்காது. ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேரம், கட்டணம் கிடையாது. அதற்கும் ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். போன்மேல் போன் போடும் அவர்களிடம் அடுத்த முறை இதைச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு காகிதம்: செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டர் தரும் பில். அதன் பின்னால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் இருக்கிறதா, அதில் உங்கள் பெருக்கும் அக்காவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். இந்த நாலு சதவீதம் ஒழுங்காகக் கட்டப்பட்டால் குடும்பத்துக்கே வைத்தியம். கட்டாமல் விட்டால் ஒரு ஆபரேஷனில் அந்த வீடு பத்து வருஷம் பின்னால் போகும். பில்லை பாஸ் செய்வதற்கு முன் "சலான் எங்கே?" என்று கேட்பது உங்கள் வேலைக்கு உட்பட்டதுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆப்பிரிக்காவா, ஜவ்வாது மலையா

அனுப்பலாமா என்றால் அனுப்பலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி தனிநபர் ஒருவர் வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர் வரை, நன்கொடை உட்பட, வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். ஆனால் சில ஆயிரம் ரூபாயை அனுப்பும்போது வங்கிக் கட்டணத்திலேயே ஒரு பகுதி போய்விடும். வரிச் சலுகையும் இல்லை. உங்கள் அளவு தொகைக்கு அது பொருந்தாது.

ஆனால் "இங்கேயா, அங்கேயா" என்று நீங்கள் பிரிப்பதுபோல அவ்வளவு பிரிந்து கிடக்கவில்லை. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு ஏழை நாட்டுக் குழந்தைகளைக் கொண்டுபோகும் நோய்களில் முக்கியமானது. அதற்கு நம் நாட்டில் உருவான ரோட்டாவாக் சொட்டு மருந்தைச் சோதித்தது மூன்று இடங்களில்: டெல்லி, புணே, அப்புறம் நம் வேலூர். 6,799 குழந்தைகள். 2016-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்கு வந்தது. 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிச் சான்று கிடைத்து வெளிநாடுகளுக்கும் வழி திறந்தது. இங்கே சி.எம்.சி. மருத்துவர்கள் அதை நடத்தினார்கள். வீடு வீடாகப் போய், இந்த வாரம் பிள்ளைக்கு எத்தனை முறை வயிற்றால் போனது என்று கேட்டுப் பதிவேட்டில் ஏற்றவும் ஆட்கள் வேண்டியிருந்தது. சொல்லப்போனால் அதில் பாதி கணக்கு எழுதும் வேலைதான். நம்மைப் போன்ற கணக்குக்காரர்களின் வேலை.

எங்கே கொடுப்பது என்று தேர்வு செய்யும்போது கடந்த ஆண்டுக் கணக்கை வெளியிட்டிருக்கிறார்களா, 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா, யுபிஐ எண் நிறுவனத்தின் பெயரில் வருகிறதா, இல்லை யாரோ ஒருவர் பெயரிலா என்று பாருங்கள். முக்கியமாக, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். போர்வை விஷயத்தில் விட்டுப்போனது இந்த ஒரு போன் கால்தான். சிறிய தொகைக்குப் பலன் இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். 2019-இல் பொருளாதார நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் ஒன்று செய்து பார்த்தார்கள். தடுப்பூசி முகாமைச் சொன்ன தேதியில் தவறாமல் நடத்தி, வரும் தாய்க்கு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு கொடுத்தார்கள். இவை இரண்டும் இல்லாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம், இரண்டும் இருந்த கிராமங்களில் 39 சதவீதம். முகாம் மட்டும், பருப்பு இல்லை என்றால் 18. ஒரு கிலோ பருப்பு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

உங்கள் 18 பேருக்கும் பணத்தைத் தவிர இன்னொன்று இருக்கிறது: படிவம் நிரப்பத் தெரியும். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல் என்று இருந்தால் இந்த மாதிரிப் பணமெல்லாம் நின்றுபோகும், அலைந்து திரிந்து விட்டுவிடுவார்கள். வீட்டில் தைக்கும் பெண்களுக்குத் தமிழக அரசின் காலணி, தோல் பொருள் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும், விபத்துக்கும், வயதான பிறகு ஓய்வூதியத்துக்கும் அதில் வழி உண்டு. அதில் சேராதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு தெருவில் கேட்டுப் பாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, இரண்டு லேப்டாப், ஒரு பிரிண்டர். போர்வையைவிட இதற்குச் செலவு குறைவு.

கையில் மிச்சம் இருக்கும் 25,800 ரூபாயைப் பற்றி: இந்த வாரமே ஒரு தாளில் வரவு, செலவு, போர்வைக் கடை பில் எல்லாவற்றையும் எழுதி 17 பேருக்கும் காட்டுங்கள். திரும்ப வேண்டும் என்பவர்களுக்கு அவர்கள் பங்கை அனுப்பிவிடுங்கள். மீதியை எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே நிறுவனத்துக்கு வங்கி வழியாகக் கொடுத்து, ரசீதின் நகலைக் குழுவில் போடுங்கள். மாதக் கடைசி நெருங்குகிறது, யூனிட்காரர்கள் போன் வரும். எடுத்தவுடன் "பில் எப்போ போட்டீங்க?" என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி, "உத்யம் நம்பர் இருக்கா?"